முனிக்குக் கொடுத்த சுருட்டு

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரைக்கும், ஏரிக்கரைகளிலும் ஜி.எஸ்.டி. சாலையின் உட்தெருக்களிலும் முனீஸ்வரன் இருக்கிறார். சில இடங்களில் மீசை முறுக்கிய சுதைச் சிலை. சில இடங்களில் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய வெறும் கல். ஒரு காலத்தில் ஏரி மதகையும் ஊர் எல்லையையும் காத்தவர். ஏரிகள் சுருங்கி நகர்களாகிவிட்ட பின் ஆட்டோவுக்கும் லாரிக்கும் காவலாகிவிட்டார். அவருக்குப் போடும் படையலில் பொங்கல், எலுமிச்சம்பழம், சேவல், சாராயம் ஆகியவற்றோடு சுருட்டும் உண்டு. பற்றவைத்துச் சிலையின் வாயிலோ காலடியிலோ வைத்துவிட்டுக் கும்பிடுவார்கள். இதே வட்டாரத்தில்தான், மின்சார ரயில் பாதையில், தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தமாகத் ‘தாம்பரம் சானடோரியம்’ வருகிறது. டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய காசநோய் இல்லம் அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் அவர் நடத்திய இல்லத்தில் கணிதமேதை ராமானுஜனும் சில காலம் நோயாளியாக இருந்திருக்கிறார். தாம்பரத்து இல்லத்தை அரசு 1937இல் ஏற்றுக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை; அதன் வெளிநோயாளிப் பிரிவில் பீடியும் சிகரெட்டும் அரித்த நுரையீரல்களைப் பார்ப்பது அன்றாட வேலை. மனிதனுடைய மூச்சைத் தின்னும் ஒரு பொருளை அவன் தன் தெய்வத்துக்குப் படைக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது.

கேள்வியை எளிதாக்கிக்கொள்ள வழியில்லை. புகையிலையின் தீமை வெளிநாட்டு ஆய்வகத்தில் மட்டும் கண்ட செய்தி என்று சொல்லித் தப்ப முடியாதபடி, அதற்கான சான்று நம் மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வாழ்க்கையை, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003இல் லான்செட் இதழில் வெளியானது. புகைக்காதவர்களைக் காட்டிலும் புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்றும், இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகை காரணம் என்றும் அது காட்டியது. ஆகவே, எப்போதோ ஒரு சுருட்டு யாரை என்ன செய்துவிடும் என்று கேட்கும் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. தீமை தீமைதான். அதை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகும் முனிக்குச் சுருட்டுப் படைப்பது தவறில்லை என்பதே என் நிலை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: படைத்தது சாமியுடையதாகிவிட்டது என்பதைப் படைத்தவன் சொல்லளவில் நிறுத்தாமல் உண்மையாகவே நம்ப வேண்டும்.

முதலில் எளிய ஆட்சேபம் ஒன்று. புகையிலை நேற்று வந்தது, போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, அதற்கு மரபின் உரிமை ஏது என்பது. மிளகாயும் அப்படி வந்ததுதான். மிளகாய் இல்லாத கறியை இன்று எந்தக் காவல் தெய்வத்துக்கும் படைப்பதில்லை. புதிய பொருளைப் பழைய கடவுளரோடு உறவாக்கிக்கொள்வதில் தமிழருக்குத் தயக்கம் இருந்ததே இல்லை. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த ‘புகையிலை விடு தூது’ பழனி முருகனிடம் புகையிலையைத் தூதாக அனுப்புகிறது. சீனிச்சர்க்கரைப் புலவர் அதில் மும்மூர்த்திகளின் கையில் ஆளுக்கோர் இலையைக் கொடுத்து, வில்வமும் துளசியும் நீரோடு போக, பிரமனிடம் கொடுத்த புகையிலை மட்டும் போகாமல் நிலைத்ததாகக் கதை கட்டுகிறார். புலவர் விளையாடுகிறார் என்பது வெளிப்படை. ஆனாலும், அமெரிக்கச் செடி ஒன்று வந்து சில தலைமுறைகளுக்குள் வில்வத்துக்கும் துளசிக்கும் பக்கத்தில் உட்கார முடிந்திருக்கிறது. பழனியாண்டவரும் அந்தத் தூதை மறுத்ததாகத் தெரியவில்லை. மற்ற மதங்களின் தலைவர்களும் அரசர்களும் இவ்வளவு இளகிய மனத்தோடு இல்லை. லிமா நகரில் கூடிய கத்தோலிக்கக் குருமார் சபை 1583இலேயே, திருப்பலிக்கு முன் குருக்கள் புகையிலையைத் தொடக்கூடாது என்றது. போப் எட்டாம் அர்பன் 1642இல் செவில் மறைமாவட்டக் கோயில்களில் அதைத் தடுத்தார். 1725இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் அந்த வகைத் தடைகளை நீக்கினார். ஜஹாங்கீர் 1617இல் தடை போட்டுப் பார்த்தார். அவர்கள் தடுத்தது வழிபடுகிறவன் புகைப்பதை. வழிபடப்படுகிறவர் புகைப்பது வேறு கேள்வி. அதைத் தமிழர் மட்டுமா கேட்டுக்கொண்டார்கள்? குவாத்தமாலாவில் சாந்தியாகோ அதித்லான் ஊரார் மாஷிமோன் என்னும் தங்கள் மர உருவத்தின் வாயில் இன்றும் சுருட்டு வைக்கிறார்கள். அவர் வழிபாட்டில் மாயர் மரபும் கத்தோலிக்கமும் கலந்து கிடக்கின்றன. அவரும் நம் முனியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் நெருப்புக் கொடுத்துக்கொள்வார்கள் என்றே தோன்றுகிறது.

இந்த விஷயத்தில் மிகத் தெளிவான வெளிச்சம் கிடைப்பது அயர்லாந்தின் சாவு வீடுகளிலிருந்து. அந்நாட்டு நாட்டுப்புறத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், இறந்தவரின் உடலுக்கு இரவு முழுக்க ஊரார் துணை இருப்பார்கள். வருகிறவர்களுக்கு வெள்ளைக் களிமண்ணில் சுட்ட பைப்பும் அதில் அடைக்கப் புகையிலையும் கொடுக்க வேண்டியது வீட்டாரின் கடமை. கடன் வாங்கியாவது அதைச் செய்தார்கள். பைப்பை வாங்குகிறவர், இறந்தவருக்கு ஆண்டவர் இரங்கட்டும் என்று சொல்லிவிட்டே புகைக்க வேண்டும். அந்த வேண்டுதலே நாளடைவில் அந்தப் பைப்புகளுக்குப் பெயராகிவிட்டது. மேற்குப் பகுதியில் சில இடுகாடுகளில், மீந்த பைப்புகளைக் கல்லறை மீதே விட்டுவந்தார்கள். ராஸ்காமன் மாவட்டத்தின் நாக்குரோகரி கிராமம் இந்தக் களிமண் பைப்புகளைச் செய்தே பிழைத்தது. 1921 ஜூன் மாதம் ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் படையினர் ஊரைக் கொளுத்தினார்கள். அதன்பின் அந்தத் தொழில் எழுந்திருக்கவே இல்லை. உலகம் இன்று ஐரிஷ் பைப் என்று கொண்டாடுவது டப்ளினில் கேப் குடும்பத்தார் திறந்த கடையிலிருந்து வளர்ந்த பீட்டர்சன் நிறுவனத்தின் பைப்பை. ஈரத்தைத் தனியே பிடித்து வைக்க உள்ளே குழி தோண்டி, 1890இல் காப்புரிமை பெற்ற, மெருகேறிய மரப் பைப் அது. கனவான்களின் சட்டைப்பைக்கு உரியது. சாவு வீட்டுக்குப் போனதோ கீழே விழுந்தால் உடைந்துபோகும், விலை மலிந்த மண் பைப். சாவு வீட்டுக் குடியையும் விளையாட்டுகளையும் ஆயர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டித்தார்கள். பைப் மட்டும் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அதன் வாயில் ஒரு ஜெபம் ஒட்டிக்கொண்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த விவசாயிகள் யாரும் புகையிலையைப் புனிதப் பொருள் என்று நினைத்ததில்லை. புனிதமான தண்ணீரும் எண்ணெயும் அவர்களிடம் வேறாக இருந்தன. பிறகு ஏன் புகையிலை? நாள் முழுக்க உழைத்தவனுக்கு மாலையில் தனக்கென்று இருந்த ஒரே சுகம் அதுதான். அதைத்தான் இறந்தவர் பெயரால் கொடுத்தார்கள். நம் ஊரிலும் இதுவே நடக்கிறது. கருமாதியன்றும் பெரியவர்களுக்குப் படைக்கும் நாளிலும் இறந்தவருக்குப் பிடித்தது என்னவோ அதுதான் இலைக்கு வருகிறது: மீன் குழம்பு, வெற்றிலை பாக்கு, அவர் குடித்த பீடிக் கட்டு. வைப்பவர் அப்போது பீடியை நல்லதென்று சான்று கூறவில்லை. இவர் இன்னார், இவருக்கு இது பிடிக்கும், நாங்கள் மறக்கவில்லை என்கிறார். படையல் பொருளின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு என்று கொண்டால் பெரியபுராணத்தில் கண்ணப்பர் கதைக்கு இடமே இல்லாமல் போய்விடும். காளத்தியில் அவர் படைத்தது தான் மென்று பார்த்துச் சுவையானதைத் தேர்ந்தெடுத்த பன்றிக்கறி; வாயில் கொண்டுவந்த நீர்; தலையில் செருகி வந்த பூ. அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியாருக்கு அது அபசாரமாகப்பட்டது, அவர் கற்ற நெறியில் அது அபசாரமேதான். இறைவன் அவருடைய ஆகமத்தைப் பொய்யென்று தள்ளவில்லை; வேடனின் கறியையும் தள்ளவில்லை. தனக்கு எது அருமையோ அதைத் தருவதே வேடனுக்குத் தெரிந்த வழி. முனிக்குச் சுருட்டு வைக்கிற லாரி ஓட்டுநருக்கும் அதுவே வழி.

இங்கேதான் சாத்விகக் கட்சியார் குறுக்கிடுகிறார்கள். பகவத்கீதை இலை, பூ, பழம், தண்ணீர் போதும் என்கிறதே, தாமச வழிபாடு கீழானது என்கிறதே, ஏன் இந்த ஆட்டமெல்லாம் என்று கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானதாகவும் இருக்கலாம். ஆனால் புறநகர்களில் நடைமுறையில் அது எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலத்தின் விலை ஏறுகிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள் வருகின்றன. கோயிலுக்குப் புதிய கமிட்டி அமைகிறது. கல்லுக்கு மேல் மண்டபம் எழும்பி, கும்பாபிஷேகம் நடந்து, முனி ‘ஸ்ரீ முனீஸ்வரர்’ ஆகிறார். அப்புறம் சேவல் மதிலுக்கு வெளியே போகிறது, சுருட்டு இருந்த இடம் தெரியாமல் போகிறது. சொல்லப்படும் காரணம் சுத்தம். சில சமயம் சுகாதாரம். சுகாதாரம்தான் காரணம் என்றால் கருவறையில் நாள் முழுக்க எரியும் கற்பூரத்தையும் ஊதுவத்தியையும் பற்றி யாரும் ஏன் வாய் திறப்பதில்லை? 2018 போகியன்று காலை, கொளுத்திய பழைய பொருட்களின் புகை மீனம்பாக்கத்தில் விமானங்களையே இறங்க விடாமல் செய்தது. அந்தப் புகைக்கு முன்னால் முனியின் சுருட்டு எம்மாத்திரம்? புகையில் மேல்சாதி, கீழ்சாதி என்று பிரிவு இருப்பதாகத் தெரிகிறது. 2003இல் தமிழ்நாடு அரசு 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை முடுக்கிவிட்டபோது நடந்ததும் இதுவே. தடை முனியையும் கறுப்பனையும் மாரியையும் நம்பியவர்கள் தலையில் இறங்கியது, எதிர்ப்புக் கிளம்பியது, அடுத்த ஆண்டே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. உயிர்க்கொலை கூடாது என்பதற்கு வள்ளலார் வழியில் கனமான வாதம் உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் ஏழையின் படையலை மட்டும் திருத்தப் புறப்படும் ஒழுக்கத்துக்குத் தெய்வச் சிந்தனை என்று பெயர் சூட்ட மாட்டேன்.

இதைவிட ஆழமான ஆட்சேபத்துக்குத் தாம்பரத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. சீனாவில் நடக்க வேண்டியது, போரினால் இங்கு வந்தது. மாநாட்டுக்கென்றே எழுதிய நூலில் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், மனிதர் கட்டியெழுப்பிய மதங்களுக்கும் கடவுள் தாமே பேசிய வெளிப்பாட்டுக்கும் நடுவே பாலம் கிடையாது என்று வாதிட்டார். அந்தக் கண்ணில் சுருட்டுக் குடிக்கும் முனி, மனிதன் தன் பழக்கத்தையே பெரிதாக வரைந்து வைத்த படம். நம் ஊர்ப் பகுத்தறிவாளரும் வேறு வாசல் வழியாக இதே முடிவுக்குத்தான் வருகிறார்கள். கிரேமருக்கு அந்தக் கல்லூரி வட்டாரத்திலேயே மறுப்பு இருந்தது. அதன் முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக், ராதாகிருஷ்ணனின் ஆசிரியர். ஒருவர் நம்புகிற கோட்பாடுகள் வேறு, அவற்றின் ஊடாக அவர் கடவுளிடம் வைக்கிற நம்பிக்கை வேறு என்றார் அவர். முதலாவதை மறுப்பதால் இரண்டாவது மெய்யில்லை என்று ஆகிவிடாது. அந்தப் பிரிவை ஏரிக்கரைக்கும் கொண்டுவரலாம். முனிக்கு நிகோடின் தேவைப்படுகிறது என்பது கோட்பாடு. அப்படி யாராவது நம்பினால் அதைத் தாராளமாக மறுக்கலாம். இரவில் தனியே வண்டி ஓட்டுகிறவன் தன் பயத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாவியைத் திருகுகிறான், அது நம்பிக்கை. அவனுக்குச் சுருட்டு அந்த ஒப்படைப்பின் கைச்சாத்து. மனிதப் பழக்கம் படிந்த படையலெல்லாம் பொய் என்றால் பாலபிஷேகமும் சர்க்கரைப் பொங்கலும் முதலில் போக வேண்டும். பாலுக்கு ஏங்கும் கடவுளைவிடச் சுருட்டுக்கு ஏங்கும் கடவுள் எந்த வகையில் கூடுதல் கற்பனை?

மிச்சமிருப்பது சானடோரியத்து ஆட்சேபம். எல்லாவற்றிலும் கனமானது அதுதான். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் விளக்குங்கள், சாமி வாயில் சுருட்டைப் பார்த்து வளர்கிற பையனுக்கு அது ஆண்மையின் அடையாளமாகிறது. போதாக்குறைக்குப் படைத்த கட்டைப் பிரித்துப் பிரசாதமாக ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறார்களே என்பார் மருத்துவர். இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. இரண்டாவது பாதியை முழுக்க ஒப்புக்கொள்கிறேன், அங்கேதான் என் நிபந்தனை வேலை செய்கிறது. கொடுத்தது கொடுத்ததுதான் என்ற கொள்கை தமிழ்ச் சைவத்தில் ஆழமாக வேரோடியது. சிவனுக்குச் சூட்டியதும் படைத்ததும் சண்டேசுவரருக்கு உரியவை. அவர் சந்நிதியில் பக்தர்கள் கையைத் தட்டியும் துடைத்தும் காட்டுவதற்கு, இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்பதே பொருளாக வழங்குகிறது. சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழியைப் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிடித்த காயையோ பழத்தையோ அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள். ஆயுள் முழுக்க அதைத் தொடுவதில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் பீடியைத் தொடுவதில்லை. டாக்டர் சொல்லி முடியாததை அந்த மாலை முடித்துவைக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், படைப்பது என்பதன் மறுபக்கம் கைவிடுவது என்பது புலப்படும். முனிக்குக் கொடுத்த சுருட்டை முனியே குடித்துத் தீர்க்கட்டும். அதைத் திருப்பி எடுத்துத் தன் நெஞ்சில் இறக்குகிறவன் நேர்த்திக்கடனையே பாதியில் முறிக்கிறான்.

கறியும் பொங்கலும் பங்கிட்டு உண்ணப்படுகின்றனவே, சுருட்டுக்கு மட்டும் ஏன் சைவக் கோயிலின் சட்டம் என்று கேட்கலாம். சண்டேசுவரரை முனியின் எல்லைக்குள் கொண்டுவருவதும் ஒருவகை மேல்நிலையாக்கம்தானே என்று, நான் மேலே சொன்னதையே எனக்கு எதிராகத் திருப்பலாம். கூர்மையான கேள்வி. சோறு பங்கிடப்படுவது பசியை ஆற்ற. ஊர் ஒரே உலையில் உண்டது என்ற உறவை உண்டாக்க. சுருட்டு ஆற்றுவது தானே உண்டாக்கிய ஏக்கத்தை. மேலும், பங்கிடுவதா முழுதாக விடுவதா என்பதைக் காவல் தெய்வ மரபே பொருளுக்குப் பொருள் பிரித்து வைத்திருக்கிறது: ஊரைச் சுற்றி இறைக்கிற பலிச்சோற்றை யாரும் வாயில் வைப்பதில்லை, சுற்றிப்போட்டு உடைத்த பூசணிக்காயை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைப்பதில்லை. திருஷ்டியை வாங்கிக்கொண்டது திரும்பி வரக்கூடாது. சுருட்டை அந்த வரிசையில் சேர்க்கச் சொல்கிறேனே தவிர, வெளியிலிருந்து புதிதாக ஒன்றையும் கொண்டுவரவில்லை. பையன் பார்த்து வளர்கிறான் என்ற முதல் பாதிக்கு என் பதில் அவ்வளவு உறுதியானதில்லை. முனி அரிவாளும்தான் பிடித்திருக்கிறார். பார்த்து வளர்கிற பையன்கள் பெரும்பாலும் அரிவாள் தூக்குவதில்லை. ஆனால் அரிவாள் பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைப்பதில்லை, சிகரெட் கிடைக்கிறது. அந்த வேறுபாட்டைக் கடைத்தெருவில்தான் சரிசெய்ய வேண்டும். சாவு வீட்டில் பைப் நீட்டிய அயர்லாந்து, 2004 மார்ச் 29 முதல், உலகிலேயே முதல் நாடாக, மதுக்கடைகள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகைக்கத் தடை விதித்தது. அதற்காகத் தங்கள் பாட்டன்மார் பைப்போடு சேர்த்துச் சொன்ன ஜெபம் செல்லாது என்று யாரும் அறிவிக்கவில்லை. இந்தியாவும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் தடையைக் கொண்டுவந்தது. சட்டம் மனிதரின் வாயைப் பற்றியது. சிலையின் வாயைப் பற்றி அதற்குக் கவலையில்லை, இருக்கவும் வேண்டாம்.

உண்மையான சிக்கல் சாமியாடியிடம் வருகிறது. அருள் வந்தவர் அடுத்தடுத்துச் சுருட்டுகளை இழுத்துத் தள்ளுகிறார். புகைப்பது முனி, அவர் வெறும் வாகனம் என்கிறது மரபு. மரபின் இந்தப் பேச்சை நான் கேலி செய்யவில்லை. அதன்படியே நியாயம் பேசலாம். வாகனத்தைப் பேணுவது வழிபாட்டின் ஒரு பகுதி. தேர்ச் சக்கரத்துக்கு எண்ணெய் விடாமல் யாரும் வடம் பிடிப்பதில்லை, கோயில் யானைக்குக் கால் புண்ணானால் உற்சவத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைத்தான் கூப்பிடுகிறோம். சாமியாடியின் நுரையீரல் மட்டும் ஏன் கணக்கில் வருவதில்லை? அவர் பெரும்பாலும் அந்தக் கோயில் கமிட்டியிலேயே வறியவர், வருடத்தில் ஒருநாள் மட்டும் எல்லோரும் காலில் விழும் மனிதர். அருள் இறங்கிய பிறகு இருமுவது அவர்தான், முனி இல்லை. குறி கேட்கிற நாளில் சுருட்டை அவர் உதட்டில் வைக்காமல் எதிரே நட்ட சூலத்தின் அடியில் புகைய விட்டால் முனியின் வாக்குக் குறைந்துவிடும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அப்படிக் குறையும் என்று ஏதாவது ஒரு கோயிலில் பூசாரி சொன்னால், சாமியிடமே குறி கேட்டுவிடலாம். அதற்கான முறையும் அந்த மரபிலேயே இருக்கிறது.